பனங்களிப் பாகு

வட்டிலப்பத்தின் மேல் இளஞ்சூடான பனங்களி ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறீர்களா? என் உம்மா நயினாதீவில் பிறந்தவர். மணமாகி யாழ்ப்பாணம் வந்த பின்னும் ஆவணியில் பழம் தீவிலிருந்துதான் வரும்.

பழத்தைத் தோலுரித்து, சிறிது நீர் விட்டுப் பிசைந்து, தும்பு போகத் துணியில் வடியுங்கள். 2 கோப்பை களிக்கு 1 கோப்பை சீனி, ஒரு சிட்டிகை உப்பு. மெல்லிய தீயில் கைவிடாமல் கிளறி, பச்சை வாசம் போனதும் இறக்குங்கள். ஆனால் முதலில் களியை நாவில் வைத்துப் பாருங்கள். சில மரத்துப் பழம் கசக்கும். சீனி கொட்டியும் பயனில்லை. தீவில் எந்த மரம் இனிக்கும் என்பது உம்மாவுக்கு மனப்பாடம்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளம் வந்தோம். இங்கு சந்தையில் வாங்கிய முதல் பழம் கசந்தது. உம்மா குறை சொல்லவில்லை.

"இந்த மரங்களோடு இன்னும் பழகவில்லை, மகள்" என்றார்.