பேசுவதே தெரியாமல் பேசுவது எப்படி?

ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பெங்களூர் போகும் லாரிகளின் கண்ணாடியைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதற்குள் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடி ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே துளி மின்சாரத்தை எடுத்து, அதே அலையைத் திருப்பியனுப்பித் தன் எண்ணைச் சொல்லிவிடும். ஊரான் வீட்டு நெய்யே கதைதான்!

இதற்கு ஓர் அண்ணன் உண்டு. 1945-ல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்கு சோவியத் பிள்ளைகள் ஒரு மரச்சின்னத்தைப் பரிசளித்தார்கள். அதற்குள் லியோன் தெரமின் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. வெளியிலிருந்து அலை பாய்ச்சினால்தான் பேசும். மற்ற நேரம் வெறும் கட்டை. 1952-ல்தான் பிடிபட்டது.

சரி, ஒரகடத்துக்கு வருவோம். அங்கே ஒரு கார் ஆலையில் மோட்டாரின் அதிர்விலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் சென்சாரை வைப்பதாகக் கொள்ளுங்கள். செய்தியைச் சங்கேதமாக்கி அனுப்பினால் போதாதா? போதாது. வேலிக்கு வெளியே ஆன்டெனாவோடு நிற்பவருக்குச் செய்தி புரிய வேண்டியதில்லை. சிக்னல் வருகிறதா இல்லையா என்பதை வைத்தே லைன் எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று கணக்குப் போட்டுவிடுவார்.

அதனால் பேசுவதையே இரைச்சலுக்குள் மறைக்க வேண்டும். அதற்கும் ஓர் எல்லை இருப்பதை 2013-ல் பாஷ், கோகெல், டவ்ஸ்லி மூவரும் நிரூபித்தார்கள். நேரத்தை 100 மடங்காக்கினாலும் மறைத்து அனுப்பக்கூடிய தகவல் 10 மடங்குதான் கூடும். இது, இரைச்சலின் அளவு ஒட்டுக்கேட்பவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தால். வெல்டிங், வைஃபை, செல்போன் டவர் என்று சந்தைக்கடையாக இருக்கும் இடத்தில் அவர் பாடு திண்டாட்டம், சென்சாருக்குக் கொண்டாட்டம்.

இங்கேதான் சுவாரஸ்யமான சிக்கல். பிச்சையெடுத்த மின்சாரத்தில் ஓடுவதால் சென்சாரின் குரல் இயல்பாகவே சின்னது; ஒளிவதற்கு அது வசதி. ஆனால் சேமித்து வைத்து ஒரேயடியாகக் கத்தினால் மாட்டிக்கொள்ளும். மோட்டார் ஓடும்போதே பேசினாலும் எப்போது காது கொடுப்பது என்று வெளியே நிற்பவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே கையில் மின்சாரம் இருந்தும் சில நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் சேமிப்பு நிரம்பிவிட்டால் அடுத்து வருவது வீண். ஏற்கெனவே அரை வயிற்றோடு ஓடுகிற கருவிக்கு இது பெரிய நஷ்டம்தான்.

சென்சாருக்கு ரேடியோ அலையாலேயே தீனி போட்டால் இன்னொரு தந்திரமும் உண்டு. தீனி போடும் அலையின் பலத்தைக் கண்டபடி ஏற்றி இறக்கினால், அதுவே சென்சாரின் முணுமுணுப்புக்குத் திரையாகிவிடும். அலை இறங்கும்போதெல்லாம் சென்சார் பட்டினி.