சுருட்டும் சுற்றமும்

புதியவன் ஒருவனை ஏற்றுக்கொள்ளும் முறையைக் கொண்டே ஒரு கூட்டத்தின் தகைமையை அளந்தறியலாம். வாயிலில் நின்று வரவேற்பது எளிது. அமர்ந்திருப்போர் சற்றே நகர்ந்து வந்தவனுக்கு இடம் விடுவதே அரிது. விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் இல்லத்துக்கு வரும் விருந்தினரைப் பேசினார். ஆனால், இல்லமும் வாயிலும் இல்லாத கடற்கரை மணலில், சுருட்டுப் புகைத்தவாறு வட்டமாக அமர்ந்திருக்கும் மீனவர் நடுவே ஒரு புதியவன் எவ்வாறு இடம் பெறுகிறான்? மன்னார்த் தீவின் கரையோரத்தில் இக்கேள்விக்கு நெடுங்காலமாக ஒரு விடை இருந்துவந்தது.

புதியவரை ஏற்றுப் பழகிய மண் மன்னார். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்க மண்ணுக்குரியது. அராபிய வணிகர் அதனைக் கொணர்ந்தனர் என்பர். தெருக்களில் திரியும் கழுதைகளும் அவர்களோடு வந்தவையென்றே ஊரார் கூறுவர். 1560இல் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் இத்தீவைக் கைக்கொண்டனர். முத்துக்குளிப்புக் காலங்களில் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் ஒரே மாதத்தில் நகரங்கள் எழுந்து மறைந்தன. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிய பின்னர், இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்தோரில் எண்ணற்றோர் முதலில் மிதித்தது இம்மணலையே. வந்தவரிற் பலர் கடந்து சென்றனர். தங்கிய சிலர் ஒரு தலைமுறைக்குள் ஊரவராயினர்.

சுருட்டுக்கும் இதே வரலாறுதான். அமெரிக்கக் கண்டத்துப் பயிரொன்று ஐரோப்பியர் வழியாக இக்கரைக்கு வந்தது. அந்நியப் பெயரோடு வந்த இலைக்குத் தமிழ் 'புகையிலை' என்று தன் பெயரைச் சூட்டியது. யாழ்ப்பாணத்துச் செம்மண் அதனைத் தன் பயிராக்கியது. பொச்சுமட்டைப் புகையில் இலையைப் பதப்படுத்தி, கோடா தெளித்துச் சுற்றும் கலை அங்கே வளர்ந்தது. சுருட்டு என்ற தமிழ்ச் சொல்லே 'செரூட்' என உருமாறி ஆங்கில அகராதியிலும் ஏறியது. விருந்தாளியாக வந்த இலை, தமிழ்ச் சொல்லொன்றை உலகுக்கு வழங்குமளவுக்கு வீட்டுப்பிள்ளையாகிவிட்டது.

1970களில் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலிருந்து இளைஞர் ஒருவர், பேசாலைக்கு அண்மையிலுள்ள சிற்றூருக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். உறவினர் எவருமில்லை, கடற்றொழிலும் அறியார். மாலையில் கரையோரமாகத் தனியே நடப்பார். பூவரசமரத்தின் கீழ் சுருட்டுப் புகைத்தபடி ஆறேழு பேர் அமர்ந்திருப்பர். அவர்கள் தலையசைப்பர், இவரும் தலையசைத்துக் கடந்து செல்வார். நான்காம் நாள் அவர்களில் மூத்தவரான சம்மாட்டியார், "மாஸ்டர், நெருப்பு இருக்கா?" என்று கேட்டார். இல்லையென்று சொல்லித் தயங்கி நின்றவரிடம் வேறு இரண்டொரு வார்த்தை கேட்டார், பேச்சு வளர்ந்தது. நெருப்புக் கேட்டவரின் வாயில் சுருட்டு எரிந்துகொண்டேயிருந்ததை ஆசிரியர் பின்னரே கவனித்தார்.

மறுநாள் அவருக்கு ஒரு சுருட்டு நீட்டப்பட்டது. மறுத்தால் மனம் நோகுமோ என்று அஞ்சி வாங்கினார். முதல் இழுப்பிலேயே இருமல் பிடித்துக் கண்கள் கலங்கின. வட்டம் முழுவதும் சிரித்தது. சம்மாட்டியார் அச்சுருட்டைத் திரும்ப வாங்கித் தம் காதிற் செருகிக்கொண்டார். "புகைக்காட்டி என்ன மாஸ்டர், இருங்க. மணலுக்கா பஞ்சம்?" என்றார். அருகிலிருந்தவர் நகர்ந்தார். ஆசிரியர் அமர்ந்தார்.

அவ்வட்டத்துக்கு எழுதா விதிகள் சில உண்டு. கடற்காற்றில் தீக்குச்சி நில்லாது. ஆகவே மூத்தவர் இரு கைகளையும் குவித்துத் தம் சுருட்டை மூட்டுவார். மற்றையோர் அதிலிருந்து ஒருவர்பின் ஒருவராக நெருப்பெடுப்பர். அன்று பாடு பட்டவனும் வெறும் வலையோடு வந்தவனும் ஒரே நெருப்பையே பெறுவர். புகையாத ஆசிரியருக்காகப் புதிய விதியொன்று சேர்ந்தது. காற்று வரும் பக்கம் அவருடைய இடமாயிற்று. அங்கே புகை படாது. சோளகம் ஓய்ந்து வாடை பிறந்தபோது அவர் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றப்பட்டார். இதனை எவரும் பேசித் தீர்மானிக்கவில்லை.

பெற்றுக்கொண்ட இடத்துக்கு ஈடாக அவர் கொடுக்கவும் கற்றுக்கொண்டார். அவருடைய தந்தையார் புகையிலைத் தோட்டக்காரர். நாற்று நடுவது, துலாமிதித்து இறைப்பது, தலைக் கொழுந்தைக் கிள்ளி இலையைத் தடிக்கச் செய்வது ஆகியவற்றை அவர் விரித்துரைத்தபோது, ஆயுள் முழுதும் சுருட்டுப் புகைத்த அம்மனிதர் அதன் பிறப்பை முதன்முறையாகக் கேட்டறிந்தனர். கொழும்பிலிருந்து புகையிரதத்தில் வந்து சேரும் வீரகேசரியை மாலையில் அவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டலானார். நாளடைவில் அவர் வரும்வரை பேச்சுத் தொடங்குவதில்லை.

வாசிப்போனுக்கும் சுருட்டுக்கும் உள்ள இவ்வுறவு புதிதன்று. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் கைகள் இலையைச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் பத்திரிகையும் கதைகளும் வாசித்துக் காட்டும் வழக்கம் இருந்தது. பள்ளி செல்லாத தொழிலாளர் உலக அரசியலை அவ்வாறே கற்றனர். பல்லாயிரம் மைலுக்கு அப்பால், கியூபாவின் ஹவானா நகரில் 1865இல் எல் ஃபிகாரோ என்னும் சுருட்டாலையில் இத்தகைய வாசிப்புத் தொடங்கியது. வாசிப்போனுக்குத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து பணம் கொடுத்தனர். அடுத்த ஆண்டே அரசு அதனைத் தடை செய்தது. எனினும் அவ்வழக்கம் மீண்டும் தழைத்தது. ஒன்றையொன்று அறியாத இரு தீவுகள், ஒரே இலையைச் சுற்றி அமர்ந்து ஒரே வழக்கத்தைக் கண்டடைந்தன.

ஆயினும் இலையின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. அவ்வட்டத்தின் சிறந்த பேச்சாளர் ஒருவரை வாய்ப்புற்று கொண்டு சென்றது. இறுதி மாதங்களில் அவர் பேச்சிழந்து, ஆசிரியரின் பக்கத்தில், காற்று வரும் திசையில் அமர்ந்து வாசிப்பைக் கேட்டிருந்தார். இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதைத் தடை செய்தபோது, அதன் நியாயத்தை அக்கரையில் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு முன்பே வட்டம் கலைந்துவிட்டது. 1990இல் மீண்டும் மூண்ட போர் ஒரு பகுதியினரைப் படகேற்றி இராமேஸ்வரத்துக்கு அனுப்பியது. மண்டபம் முகாமில் அவர்தம் பிள்ளைகள் பிறந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளாயினர். ஆசிரியர் யாழ்ப்பாணம் திரும்பினார். 2009இல் போர் முடிந்த பின்னர் மக்கள் சிறிது சிறிதாக மீண்டனர். மீண்டவரின் பிள்ளைகள், தந்தையர் ஊரிலேயே புதியவராக நின்றனர்.

தலைமன்னார்ப் புகையிரதம் 2015 மார்ச்சில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அவ்வாண்டில், ஓய்வுபெற்ற ஆசிரியர் அதே ஊருக்கு ஒரு மாலை வந்திறங்கினார். பூவரசு நின்றது. அதன்கீழ் முன்னைய வட்டத்தில் எஞ்சிய இருவர் இருந்தனர். ஒருவர் சம்மாட்டியாரின் மகன். வைத்தியர் தடுத்துவிட்டமையால், மூட்டாத சுருட்டொன்றை விரல்களிடையே உருட்டிக்கொண்டிருந்தார். அவர்களைச் சுற்றி இளைஞர் சிலர். எவர் கையிலும் சுருட்டில்லை. ஒருவன் மண்டபத்தில் பிறந்தவன். பேச்சில் தமிழ்நாட்டு வாடை வீசியது. இன்னொருவன் புத்தளத்தில் வளர்ந்து, எருக்கலம்பிட்டிக்கு மீண்டு, மீன் வாங்க வந்தவன். மண்டபத்துப் பிள்ளை கைத்தொலைபேசியிலிருந்து செய்தியை உரக்க வாசித்துக்கொண்டிருந்தான். பார்வை மங்கிய முதியவர்கள் தலைசாய்த்துக் கேட்டனர்.

ஆசிரியரைக் கண்டதும் அவர் அந்நாளில் இருந்த பக்கத்தைச் சுட்டிக் காட்டினர். அங்கே அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்த இளைஞன் பதறி எழுந்தான். "நீ எழும்பாத, தம்பி. கொஞ்சம் நகர்ந்தாப் போதும்" என்றார் சம்மாட்டியாரின் மகன். புத்தளத்து இளைஞனும் நகர்ந்தான்.

அக்கரையின் கூட்டம் சுருட்டினால் விளைந்தது என்றே ஊரார் எண்ணியிருந்தனர். நெருப்பணைந்த பின்னரும் வட்டம் கூடுகின்றது, வாசிப்பு நடக்கின்றது, வந்தவனுக்கு மணல் இருக்கின்றது. இலைக்குக் கொடுத்த இடத்தை இலையின்றியும் மனிதருக்குக் கொடுக்க இயலுமெனின், மன்னார்க் கரை இழந்தவற்றுள் மீளப்பெற்றது அதுவொன்றேனும் ஆகும். ஆசிரியர் அமர்ந்தார். இளைஞன் விட்ட வரியிலிருந்து வாசிப்பைத் தொடர்ந்தான்.