கொல்லிமலைச் சாமை

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே கொல்லிமலையின் மேற்பரப்பை அடைதல் வேண்டும். ஏற ஏற வெம்மை தணிகிறது. மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் காப்பித் தோட்டங்களும் பலாவும் நம்மை எதிர்கொள்கின்றன. அறப்பளீசுவரர் கோவிலையும் ஆகாய கங்கை அருவியையும் காண வருவோர் பலர். நாம் சென்றதோ, அம்மலைச் சரிவுகளில் விளையும் சிறுதானியங்களைக் காணும் பொருட்டு.

இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வருகின்றனர். இவற்றுக்கு வானம் பொழியும் நீரே போதும். கால்வாயும் வேண்டா, மின்விசைப் பம்பும் வேண்டா. நெல்வயலில் நீர் தேங்கி நிற்குங்கால் மண்ணிலிருந்து மீத்தேன் வாயு எழுகிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைக் காட்டிலும் 25 மடங்குக்கு மேல் புவியைச் சூடேற்ற வல்லது. நீர் தேங்காத சாமைக் கொல்லையில் இத்தொல்லை இல்லை.

அருகில் விளைந்ததை உண்டால் வண்டிப் புகை குறையும் என்பர். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. உணவின் பொருட்டு வானில் கலக்கும் வெப்ப வாயுக்களில் பெரும்பகுதி பிறப்பது பாதையிலன்று. விளைநிலத்திலும் கால்நடைத் தொழுவத்திலுமே. விமானத்தில் வந்திறங்கும் கனிகளே இதற்கு விலக்கு. ஆதலின், எத்தனை கல் தொலைவிலிருந்து வந்தது என்று கேட்பதோடு, விளைந்த மண்ணுக்கும் மழைக்கும் இசைந்த பயிர்தானா என்றும் நாம் கேட்டறிதல் நலம்.

ஒரு வீட்டில் நமக்குச் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் பரிமாறினர். சாமையை உரலில் குத்திப் புடைக்கும் பாடு பெரிதென்றும், பிள்ளைகள் நெல்லரிசியையே விரும்புகின்றனர் என்றும் அவ்வீட்டு மூதாட்டியார் கூறினார். வெளியே சரிவெங்கும் மரவள்ளி தழைத்திருந்தது. ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் அக்கிழங்கு கைக்குப் பணம் தருகிறது. சாமை அவ்வளவு தருவதில்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும் பணம் தேடும் பெற்றோரை யார் குறைகூற இயலும்?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலைச் சிற்றூர்களில் உமி நீக்கும் இயந்திரங்கள் அமைய உதவியுள்ளது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. எனினும் உண்பார் இன்றேல் விதைப்பாரும் இல்லை. விதைக்கப்படாத விதையோ சில ஆண்டுகளில் முளைக்கும் திறனை இழந்துவிடும்.

வாசக அன்பர்களே! கொல்லிமலை நம் எல்லார்க்கும் அண்மையில் இல்லை. ஆயினும் கரிசல் நிலத்தார்க்குக் கம்பும் சோளமும் குதிரைவாலியும் உண்டு. தருமபுரியார்க்குக் கேழ்வரகு உண்டு. வாரத்தில் இரு வேளையேனும் அவை நம் அடுப்பில் ஏறட்டும். விளைவித்தவர் கேட்கும் நியாயமான விலையையும் பேரம் பேசாது கொடுப்போம்.