ரிங்லெட்டில் உருவான ஒரு சர்க்யூட் பலகை

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பட்டணத்துப் பழுதுபார்க்கும் கடை அது. அதை நடத்துகிற அண்ணன் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவர். மேசைமேல் கருகிப்போன ஒரு சர்க்யூட் பலகை கிடந்தது. கொழுந்து வாட்டும் தொட்டியின் விசிறியை நிறுத்தும் டைமரிலிருந்து கழற்றியது. அந்த மாதிரி இப்போது கடையில் கிடைப்பதில்லை. சீனாவில் மலிவாக அச்சடித்துத் தருவார்கள். ஆனால் அது வந்து சேரும்வரை பறித்த கொழுந்து தாங்காது. “இன்னிக்கே செஞ்சிடலாம் தம்பி,” என்றார் அண்ணன்.

வரைபடத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, வழவழப்பான பத்திரிகைத் தாளில் லேசர் பிரிண்டரில் எடுத்தார். டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த பொடி. சூடு பட்டால் உருகிச் செம்பில் ஒட்டும். மை தெளிக்கும் பிரிண்டர் இதற்கு உதவாது. பலகைமேல் உள்ள செம்பின் கனம் பொதுவாக 35 மைக்ரான். அதை இரும்பு நாரால் தேய்த்து, தின்னரால் துடைத்தார். அதன்பின் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய் இருந்தால் டோனர் பிடிக்காது.

வேலையின் உயிர் இஸ்திரிப் பெட்டியில்தான் இருக்கிறது. இந்தக் குளிரில் செம்பு சூட்டை உடனே இழுத்துக்கொள்வதால் ஓரக் கோடுகள் ஒட்டாமல் போகும். அதனால் முதலில் வெறும் பலகையைச் சூடாக்கினார். பிறகு தாளைக் கவிழ்த்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் இறக்கி மூலை மூலையாக அழுத்தினார். தண்ணீரில் ஊறிய தாளைத் தேய்த்தெடுக்க என்னை விட்டார். பொறுமை இல்லாதவர் கை வைக்கக் கூடாத இடம் அது. விட்டுப்போன கோடுகளை மார்க்கர் பேனாவால் இணைத்தார்.

அடுத்தது ஃபெர்ரிக் குளோரைடு. டோனர் மூடாத செம்பை அது கரைத்துவிடும். குளிரில் மந்தமாக வேலை செய்யும் என்பதால் கரைசலும் பலகையும் இருந்த பிளாஸ்டிக் தட்டை வெந்நீரில் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் தின்னரால் டோனரைத் துடைத்ததும் செம்புப் பாதைகள் பளிச்சென்று தெரிந்தன. 0.8 மில்லிமீட்டர் துளைகள் போட்டதும் பலகை தயார்.

மின்னணு வேலை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணு ஆலைகள் வந்தன. அங்கே உற்பத்தி வரிசையில் இருந்தவர்கள் யாரோ வடிவமைத்ததில் ஒரு பகுதி வேலையை மட்டும் செய்தார்கள். இங்கே வரைவது முதல் துளையிடுவது வரை ஒரே கை. பள்ளி முடிந்து வரும் ஒரு பையனுக்கும் அண்ணன் இதைச் சொல்லிக்கொடுக்கிறார். எனக்கு இது பெரிய காரியமாகப் படுகிறது.

அவர் மிகக் கண்டிப்பாக இருப்பது கழிவு விஷயத்தில். தீர்ந்த கரைசலில் செம்பு இருக்கிறது. மீனுக்கு அது நஞ்சு. இங்கிருந்து ஓடும் தண்ணீர், 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணையின் ஏரியில் சேரும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிகள் செம்புள்ள உலோகச் சேற்றை அட்டவணைக் கழிவில் வைத்திருக்கின்றன. பலகை செய்து பார்க்க நினைக்கும் தம்பி தங்கைகளே, ரசாயனம் வாங்குகிற அன்றே, தீர்ந்த கரைசலைச் சேர்த்துவைக்க மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் கேனையும் வாங்கி வையுங்கள். ஒரு சொட்டைக்கூடச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.