புதுவையின் எல்லையிலே

புதுவைக்குச் செல்வோர் கடற்கரையையும் நேரிய வீதிகளையும் சம்பா கோவிலையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். ஆயின் இவ்வூரை நன்கு அறிய விரும்புவோர் அதன் எல்லைகளையும் காணல் வேண்டும். வடமேற்கே கோரிமேடு, மேற்கே மதகடிப்பட்டு, தெற்கே முள்ளோடை. இவற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. வடக்கே காலாப்பட்டுக்குச் செல்பவரோ, கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டினுள் நுழைந்து, சிறிது தொலைவு சென்றபின் மீண்டும் புதுவை மண்ணை மிதிக்கின்றார்! உள்நாட்டு ஆட்சியாளரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் அவ்வப்போது பெற்ற ஊர்களே இங்ஙனம் சிதறிக் கிடக்கின்றன.

1947-இல் பாரதம் விடுதலை பெற்றபின் இக்கோடு இரு நாடுகளின் எல்லையாயிற்று. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1949-இல் சுங்க உடன்பாடு முடிவுறவே, சாலைகளில் சுங்கச் சாவடிகள் எழுந்தன. ஒருபுறம் மலிவு, மறுபுறம் வரியும் தடையும். கள்ளக் கடத்தல் பலருக்குப் பிழைப்பாயிற்று.

எல்லைச் சிக்கல் வாக்கினால் தீர்ந்தது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் இணைப்புச் சட்டப்படி நிறைவுற்றது. எல்லா நாடுகளுக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. நடு அமெரிக்காவிலுள்ள பெலீஸ் என்னும் சிறு நாட்டின் நிலத்துக்கு அண்டை நாடான குவாத்தமாலா உரிமை கோருகின்றது. 2019-இல் அவ்வழக்கு சர்வதேச நீதிமன்றத்தை அடைந்தது. அந்நாட்டின் காடும் கடலும் போதைப்பொருள் கடத்துவோருக்கு வழியாகவும் அமைந்துவிட்டன.

நம் எல்லையில் வழக்கு ஓய்ந்தது, கடத்தலோ ஓயவில்லை. புதுவையில் மதுவின் விலை குறைவு, அவ்வேறுபாடே இலாபம். ஆகவே தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடிகளில் மதுப் புட்டிகள் இன்றும் பிடிபடுகின்றன, கஞ்சாவும் சிக்குகின்றது. அகப்படுபவன் பெரும்பாலும் யார்? கூலிக்குச் சுமக்கும் இளைஞன். வாகனம் பறிபோகின்றது, வழக்குச் செலவுக்குத் தாயின் நகை அடகுக்குச் செல்கின்றது. பொருளுக்கு உடையவனோ மறைவிலே நிற்கின்றான்.

அன்புப் பெற்றோரே, சாவடிக் காவலர் வண்டியைத்தான் சோதிக்க இயலும். மகன் கொணரும் பணம் எவ்வழி வந்ததென்று கேட்க வேண்டிய இடம் நம் இல்லமேயன்றோ?