ஒரு சொல்லின் மூன்று முகங்கள்

ஜெர்மனியில் ஒரு புட்டியின்மேல் மண்டையோட்டுப் படமும் அதன்கீழ் ‘கிஃப்ட்’ என்னும் சொல்லும் காணப்பட்டால், ஆங்கிலம் மட்டுமே கற்றவர் அதனைப் பரிசு என்று படிப்பார். ஜெர்மானியரோ கை வைக்க அஞ்சுவர். அவர்தம் மொழியில் அச்சொல்லுக்கு நஞ்சு என்பது பொருள். சுவீடிய மொழியில் அதே எழுத்துகள் நஞ்சையும் குறிக்கும். மணமானவர் என்னும் பொருளையும் தரும்.

இவை தற்செயலாக ஒத்தமைந்த சொற்கள் அல்ல. ‘கொடு’ என்னும் பொருளுடைய ஒரே ஜெர்மானிய வேரில் கிளைத்தவை. கொடுக்கப்படுவது எது என்பதில்தான் மொழிகள் பிரிந்தன.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல், மணமகளுக்காக மணமகன் அளித்த பொருளைக் குறித்தது. பரிசு என்னும் இன்றைய பொருள், இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழிவழி வந்தது. திருமணத்தைப் ‘பெண் கொடுத்தல்’ என வழங்கும் தமிழர்க்குச் சுவீடியப் பொருள் வியப்பளிக்காது.

நஞ்சு என்னும் பொருள் எவ்வாறு வந்தது? கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். அளந்து கொடுக்கும் மருந்தையும் அது குறித்தது. மருந்தின் அளவைச் சுட்டும் ‘டோஸ்’ அதிலிருந்தே பிறந்தது. அதனை அடியொற்றி ஜெர்மானியரும் நஞ்சை வெளிப்படையாகக் கூறாமல் ‘கொடுக்கப்பட்டது’ என்றனர். தமிழிலக்கணம் கூறும் மங்கல வழக்கை ஒத்தது இது. ஆயினும், மறைக்க வந்த சொல்லே நாளடைவில் நஞ்சின் நேர்ப்பெயராயிற்று, நற்பொருள் வழக்கொழிந்தது. மணமகள் கொண்டுவரும் சீரைக் குறிக்கும் ‘மிட்கிஃப்ட்’ என்னும் கூட்டுச்சொல்லில் மட்டும் பழைய பொருள் எஞ்சியுள்ளது. பரிசுக்கு ஜெர்மானியர் இன்று ‘கெஷெங்க்’ என்னும் வேறொரு சொல்லை ஆள்கின்றனர்.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1924ஆம் ஆண்டு இச்சொல்லையே இருமுறை அடுக்கித் தலைப்பாக்கி ஒரு சிறு கட்டுரை வரைந்தார். பண்டை ஜெர்மானியர் விருந்தில் பானம் அளித்தலே சிறந்த கொடை. அக்கிண்ணத்தில் இருப்பது அன்போ நஞ்சோ, பெறுபவர் அறியார். ஒரே சொல் இரு பொருளையும் தாங்கியதற்கு இந்த ஐயத்தையும் அவர் காரணமாகக் கண்டார்.

கொடுப்பவர் மீது வைக்கும் நம்பிக்கையால்தான் கொடை கொடையாகிறது. அந்நம்பிக்கை குலைந்தால் கையில் எஞ்சுவது நஞ்சே. பரிசையும் மணத்தையும் நஞ்சையும் ஒரே சொல்லில் அடக்கியுள்ள அம்மொழிகள், இவ்வுண்மையை இன்றும் நினைவூட்டுகின்றன.