பரண்மேல் ஏறாத மண்வெட்டி

பரண் இல்லாத வீட்டில் குடித்தனம் நடத்துவது, பையில்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவது போலத்தான். கால் ஒடிந்த நாற்காலி, கல்யாணத்துக்கு மட்டும் உதவுகிற அண்டா, பேரன் பிறந்தால் ஆகுமென்று எடுத்து வைத்த தொட்டில் கட்டை - இவற்றை எறியவும் மனம் வராது. எதிரே வைத்துக் கொள்ளவும் இடம் இராது. இந்த இரண்டுங்கெட்டான் சாமான்களுக்காக நம் முன்னோர் ஏற்படுத்திய திரிசங்கு சொர்க்கம்தான் பரண்!

எங்கள் கொல்லைக் கொட்டகையில் பரண் கட்ட வேண்டுமென்ற யோசனை அம்மாவுடையது. அதற்குக் காரணம் ஒரு புயல்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி, பொழுது விடியுமுன்பே ‘கஜா’ கரையேறியது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னையை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு அன்று விடிந்தும் விடியவில்லை. எங்கள் கொல்லையில் காலஞ்சென்ற அப்பா வைத்த தென்னைகளில் 18 வேரோடு சாய்ந்து கிடந்தன. கொட்டகையில் கணுக்கால் அளவு தண்ணீர். தரையில் இருந்த சாமானெல்லாம் அதில் ஊறிக்கொண்டிருந்தது.

மரங்களைச் செங்கல் காளவாய்க்கு ஏற்றிப் போக ஆள் வந்தபோது அம்மா கொல்லைப் படியில் வந்து நின்றாள்.

“குடம் குடமாத் தண்ணி ஊத்தி வளர்த்தாங்கடா உங்கப்பா. அத்தனையும் நெருப்புக்கா போகணும்? ரெண்டு மரமாவது வீட்டோட இருக்கட்டும். கொட்டகையிலே ஒரு பரணாவது போடு” என்றாள். அதோடு உள்ளே போனவள்தான். அப்புறம் மாதக் கணக்கில் கொல்லைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவள் சாப்பாடு குறைந்துவிட்டதென்று என் மனைவி கவலைப்பட்டாள்.

தச்சுவேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் மரத்தைத் தட்டிப் பார்த்தார். “தம்பி, மத்த மரத்துக்கெல்லாம் வைரம் உள்ளே இருக்கும். தென்னைக்கும் பனைக்கும் வெளியே இருக்கும். நடுவிலே இருக்கிறது வெறும் சோறு. அதை நம்பி ஒரு செம்பைக்கூட வைக்க முடியாது” என்றார்.

உள்ளே வைரமுள்ளது மரம், வெளியே வைரமுள்ளது புல் என்று தொல்காப்பியர் பாகுபடுத்தியிருக்கிறார். அந்தக் கணக்குப்படி நாங்கள் புல்லில் பரண் கட்டப் போகிறோம்!

முதிர்ந்த மரங்களின் அடிப்பாகத்தில், வெளிப்புற வைரத்தை மட்டும் அறுத்து, 5 அங்குல அகலமும் 2 அங்குலக் கனமுமான சட்டங்களாக எடுத்தோம். நிழலில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் நடுவே சக்கை கொடுத்து அடுக்கி, கோடை வரை காய விட்டோம். 2019 சித்திரையில் வேலை ஆரம்பமாயிற்று.

கொட்டகையின் அகலம் 10 அடி. தலையில் இடிக்காமலிருக்கத் தரையிலிருந்து ஆறரை அடி உயரத்தில் பரண். சட்டத்தைப் படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா என்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லாமல் தம் அளவுகோலை நீட்டினார். தட்டையாகப் பிடித்து அழுத்தினால் வில்லாக வளைந்தது. விளிம்பு மேலாகத் திருப்பிப் பிடித்தால் அசையவில்லை. 5-க்கு 2 சட்டத்தை நிறுத்தி வைத்தால் வளையாத தன்மை ஆறு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. மரம் அதேதான், நிற்கிற விதத்தில் இருக்கிறது பலம்!

நடுவில் ஒரு கால் கொடுத்தார். அது மண்ணைத் தொட்டால் கறையானுக்கு விருந்து என்று கருங்கல்லின் மேல் நிறுத்தினார். தென்னை வைரத்தில் ஆணியை நேரே அறைந்தால் பிளந்து கொள்ளுமாம். துளை போட்டுத்தான் அடித்தார். சாமான் உருண்டு விழாமல் முன் விளிம்பில் ஒரு குறுக்குச் சட்டம். ஏணிக்கும் ஒரு கணக்கு உண்டு: 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் கால் தள்ளியிருக்க வேண்டும்.

“கனமானதைச் சுவரோரமா வையுங்க. தகரத்துக்குக் கீழே வெக்கை அதிகம். போட்டோ, மெழுகுவத்தி, பெயிண்ட் டப்பா எதையும் ஏத்தாதீங்க. தினமும் எடுக்கிற சாமானுக்குப் பரண் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கிளம்பினார்.

அண்டா ஏறிற்று. தொட்டில் கட்டை ஏறிற்று. கடைசியாக, அப்பாவின் மண்வெட்டியைத் துடைத்துச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். புயலில் ஊறித் துருவேறிய அதை இனி யார் தொடப் போகிறார்கள் என்று எனக்கு எண்ணம்.

“அதை ஏண்டா மேலே ஏத்தறே?”

திரும்பிப் பார்த்தேன். கொட்டகை வாசலில் அம்மா! அத்தனை மாதத்துக்குப் பிறகு கொல்லைக்கு வந்திருக்கிறாள். சட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

“தினமும் எடுக்கிற சாமானுக்குப் பரண் வேண்டாம்னு அவர் சொல்லிட்டுப் போனது காதிலே விழலையா? இறக்கு. தென்னம்பிள்ளை வாங்கியா. அந்த மூலையிலேருந்து ஆரம்பிக்கலாம்.”

“நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம் ஆகுமேம்மா...” என்று இழுத்தேன். அம்மாவுக்கு அப்போது வயது 76.

“ஆகட்டுமே. குழி 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். ஒண்ணுக்கொண்ணு 25 அடி தள்ளி வெட்டு. உங்கப்பா கணக்கு அதுதான்” என்றாள் அம்மா.